மச்சாளின் தண்ணீர்

என் கணவரின் அக்காவுக்குக் கிடைத்த புல்வயலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அவள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த வயலும் இப்போது இல்லை. மண் கொட்டி நிரவி வரிசையாக வீடுகள் கட்டிவிட்டார்கள். ஆனாலும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது என் கண் தன்பாட்டில் அந்த இடத்தைத் தேடும். கண்டுபிடித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதும்போதுதான் அவள், இவள் என்கிறேன். முகத்துக்கு நேரே எப்போதும் மச்சாள், நீங்கள் என்றுதான் கதைத்தேன். மரியாதை வேறு, எரிச்சல் வேறு.

வெள்ளைக்காரன் இங்கே இருந்த கடைசி வருஷங்கள் அவை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இரத்மலானைக்குப் போகிற விமானங்கள் எங்கள் மாட்டுக் கொட்டிலுக்கு மேலாக இரைந்துகொண்டு போகும். மாடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்காது. என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் பால் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவர். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒழுங்கைகளில் பாதி வீடுகளில் எங்கள் வீட்டுப் பாலில்தான் தேத்தண்ணீர் போட்டார்கள். மாடு கறக்க வேண்டுமென்றால் புல் வேண்டும். அந்தப் புல் வளர்ந்தது கால்வாயை ஒட்டிய சதுப்பில். இன்றைக்குச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஆனால் அப்போது கால்வாயின் இரண்டு கரையும் பச்சைதான். ஒரு பக்கம் மாட்டுப்புல், ஒரு பக்கம் கங்குன் கீரை, வல்லாரை, இடையிடையே நெல்.

மாமனார் அங்கே அடுத்தடுத்து இரண்டு துண்டு வயலை நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார். மேல்வயல் மேட்டுப்பக்கம், கீழ்வயல் கால்வாய்ப்பக்கம். மேட்டில் ஓர் ஊற்று இருந்தது. அதன் நல்ல தண்ணீர் முதலில் மேல்வயலுக்கு வரும். அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கீழ்வயலுக்கு இறங்கிக் கடைசியில் கால்வாயில் விழும். கால்வாயோ கடலோடு தொடுப்பு. மழைக்காலத்தில் அதனால் ஒன்றும் இல்லை. வெயில் காலத்தில் ஊற்று மெலிந்துவிட்டால், கடல் பெருகுகிற நேரம் உப்புத்தண்ணீர் கால்வாய் வழியே ஏறி வந்து கீழ்வயலைப் பிடிக்கும். மேலேயிருந்து நல்ல தண்ணீர் இறங்கி அதைத் தள்ளினால்தான் கீழே புல் பிழைக்கும்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. நல்லதெல்லாம் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மிஞ்சியது பொடியனுக்கு. மேல்வயல் மச்சாளுக்குப் போனது. கீழ்வயல் என் கணவருக்கு வந்தது. நானும் சீதனத்தோடு வந்தவள்தான், வழக்கம் பிழையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் வரம்பில் நின்று அவளுடைய புல் கரும்பச்சையாக இடுப்பளவு நிற்பதையும் என்னுடையது முழங்காலோடு வதங்கிக் கிடப்பதையும் பார்த்தவள் நான். வழக்கத்தை எழுதி வைத்தவர்கள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

புல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள், எல்லாம் கன்னம் உப்பிய பிள்ளைகள். எனக்குக் கலியாணமாகிச் சில வருஷமாகியும் ஒன்றும் இல்லை. கதிரேசன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொல்லி அவள்தான் எனக்குப் புத்தி சொல்வாள், அதுவும் தன் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு. எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது என் கணவர். விடிய எழும்பினால் மனுஷன் மண்வெட்டியோடு முதலில் போவது அக்காவின் வயலுக்கு. அத்தானுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை, பாவம் அக்கா தனிய என்பார். அங்கே வாய்க்கால் துப்புரவாக்கி, வரம்பு கட்டி, அவள் கையால் ஒரு தேத்தண்ணீரும் குடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் வயலில் கால் வைப்பார். நான் பாவமில்லையா?

இரண்டு வயலுக்கும் நடுவே வாய்க்காலில் ஒரு பலகை அணை இருந்தது. பலகைகளைப் போட்டால் நல்ல தண்ணீர் மேலே நிற்கும். ஒரு பலகையைக் கழற்றினால் கீழே இறங்கும். எப்போது கழற்றுவது, யார் சொல்வது என்பதில்தான் அந்தச் சதுப்பில் ஒரு காலத்தில் மண்வெட்டிச் சண்டையே நடந்ததாம். கீழ்வயல்காரர் எப்போதும் ‘எனக்கு உப்பு ஏறிவிட்டது’ என்பார்களாம். மேல்வயல்காரர் எப்போதும் ‘எனக்கே போதாது’ என்பார்களாம். பொதுவாக ஒரு மூன்றாம் ஆளை வைத்துப் பார்த்தார்களாம். வெற்றிலை வாங்கிக் கொடுத்தவன் பக்கம் தீர்ப்புச் சாய்ந்ததாம். கடைசியில் தமிழர், சிங்களவர், சோனகர் எல்லா வயல்காரரும் கூடி ஒரு முறை வைத்தார்கள். உன் தண்ணீரை நீ ருசி பார்க்கக் கூடாது. கீழ்வயல் தண்ணீரை மேல்வயல்காரர் வாயில் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மேல்வயல் தண்ணீரைக் கீழ்வயல்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே உப்பு, மேலே நல்ல தண்ணீர் என்றால் பலகை கழற்ற வேண்டும். மேலேயும் உப்பு என்றால் ஒரு பலகையையும் தொடக் கூடாது. வரம்பில் எங்கோ ஓட்டை விழுந்து உப்பு மேலேயும் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் திறந்தால் இருக்கிற கொஞ்ச நல்ல தண்ணீரும் போய் இரண்டு வயலும் நாசமாகும்.

எங்களிடம் அது பெண்களின் வேலை. வெற்றிலை போடாமல், வெறுவயிற்றில், வாய் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டு நாக்கில் உருட்டிப் பார்த்துக் கால்வாய்ப் பக்கம் துப்ப வேண்டும். காலையில் மச்சாள் என் வாய்க்காலில் குனிவாள், நான் அவளுடைய வாய்க்காலில் குனிவேன். பிறகு நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லுவோம். அவள் என் தண்ணீரைப் பற்றி ஒருநாளாவது பொய் சொல்வாள், கையோடு பிடித்துவிடலாம் என்று பார்த்திருந்தேன். சொல்லவேயில்லை. உப்பு என்றால் உப்பு என்று சொல்லித் தன் கையாலேயே பலகையைக் கழற்றிவிடுவாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். நல்ல வயலும் அவளுக்கு, நல்ல பெயரும் அவளுக்கு.

நான் சொல்ல வந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு வானம் வற்றிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் கயிறுபோல ஓடியது. என் புல்லின் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. கணவர் ஒருநாள் பின்னேரம் மாட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, இந்த வருஷமும் புல் கருகினால் மாடுகளை விற்றுவிட்டு ஊருக்குப் போய் என்ர அண்ணன் வீட்டோடு இருப்பம் என்றார். அண்ணன் வீடு என்றால் அண்ணன் பெண்சாதியின் அடுப்படி. அங்கே உப்புப் புளி எடுக்கவும் நான் ஒருத்தியிடம் கேட்டு நிற்க வேண்டும். வெள்ளவத்தையில் எனக்கென்று இருந்தது ஒரு கொட்டிலும் ஓர் அடுப்பும் அந்த வதங்கல் வயலும்தான். அதையும் விட்டுப் போவதா? அன்றிலிருந்து புல் என்றால் எனக்கு உயிர் என்றாகிவிட்டது.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, வழமைபோல் இருவரும் வயலுக்குப் போனோம். மச்சாள் என் வாய்க்காலில் குனிந்து துப்பிவிட்டு, உப்பு ஏறிவிட்டது என்றாள். இனி நான் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொன்னால் பலகை கழன்றுவிடும். குனிந்தேன். ஒரு கை அள்ளி வாயில் விட்டேன்.

உப்பு.

கொப்பளித்துத் துப்பிவிட்டு இன்னொரு கை அள்ளினேன். உப்பேதான். கைப்பும் உவர்ப்புமாக நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? பயம். என் புல்லுக்குத் தண்ணீர் இல்லை என்று அழுகை. ஆனால் வந்தது சந்தோஷம். ஏன் வரக் கூடாது? இத்தனை வருஷம் அவளுக்கு மட்டும் என்று ஓடிய நல்ல தண்ணீர், கடைசியில் அவளையும் கைவிட்டது. வீட்டுக்குள் மூத்த பிள்ளைக்கு மட்டும் விழாத அடி அன்றைக்கு விழுந்த மாதிரி.

“உங்கட தண்ணியும் உப்பு, மச்சாள்” என்றேன். குரலில் துள்ளல் இருந்திருக்கும், நான் அடக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன வழி? சொல்லிக் கெடுவது நான்தானே. தன் வாயில் தானே மண்ணைப் போடுகிறவள் பொய்யா சொல்வாள்? முறைப்படி பலகைகள் போட்டபடியே நின்றன. எங்களுக்குக் கீழே புல் வெட்டுகிற சிங்கள அய்யே தலையில் கைவைத்துக்கொண்டு, ‘நங்கி, மேலேயும் லுணுவா, உப்பா?’ என்று கேட்டார். அவருடைய துண்டுக்கும் எங்கள் தண்ணீர்தான் போக வேண்டும். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சந்தோஷம் அன்று மத்தியானத்தோடு சரி. மேல்வயலில் உப்பு என்றால் வரம்பில் நண்டு ஓட்டை எங்கேயோ இருக்க வேண்டும் என்று என் கணவர் கிளம்பினார். காலையில் போனவர் பொழுதுபடத்தான் வந்தார். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. வரம்பு நீளத்துக்கு முழங்காலில் தவழ்ந்து, கையை விட்டுத் துழாவிக் களிமண் அடைத்தார். எங்கள் வயலில் இப்போது செய்ய என்ன இருக்கிறது, தண்ணீரே இல்லையே என்றார். நானே என் வாயால் மனுஷனை முழுசாக அக்காவின் வயலுக்குத் தாரை வார்த்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

இரவுக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். கறியில் உப்பில்லை என்பார். முதல் நாள் இன்னோர் அகப்பை கறி விட்டேன். மறுநாளும் அதே பாட்டு. எனக்கு எரிந்துகொண்டு வந்தது. அக்கா வீட்டுச் சாப்பாட்டில் நாக்குப் பழகிவிட்டால் இங்கேயுள்ளது எப்படி இறங்கும் என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் உப்புச் சிரட்டையை எடுத்துவந்து தன் சோற்றுக் கோப்பையில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அந்தக் கறியை நான் வாயில் வைத்துப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது. சொன்னால், ஒரு கிள்ளுக் கூடத்தான். வேண்டுமென்றே செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒவ்வொரு காலையும் மச்சாளின் வாய்க்காலில் குனிந்தேன். ஒவ்வொரு காலையும் உப்பு. என் புல் நுனியிலிருந்து அடிவரை மஞ்சளாகி, சில இடத்தில் வைக்கோலாகிவிட்டது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பின. பால் குறைந்தது. ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரி, நாளையிலிருந்து வேறு ஆளிடம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இதெல்லாவற்றிலும் எனக்கு ஆறாத ஒன்று, அவளுடைய புல். அது அப்படியே கரும்பச்சையாக நின்றது. இன்றைக்கு மஞ்சளாகும், நாளைக்கு மஞ்சளாகும் என்று வரம்பில் நின்று பார்த்தேன். ஓர் இலைகூட வாடவில்லை. உப்புத்தண்ணீர் குடித்தும் அவளுடைய புல் தழைக்கிறது, எனக்கு மட்டும் ஏன் கருகுகிறது என்று கடவுளைக் கேட்டேன். அவளுக்கென்றால் உப்பும் உரமாகிறது என்று நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. பொறாமைக்கு அந்த அளவுக்குத்தான் கண் தெரியும்.

இதற்கிடையில் ஒருநாள் மச்சாள் தன் மூத்தவளிடம் ஒரு கிண்ணத்தில் பனங்கிழங்குத் துவையல் கொடுத்துவிட்டாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்களில் இல்லை. எதையாவது போட்டு அனுப்புவதாக இருந்தால் பார்த்தவள் வாயைப் பிளக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி, தேங்காய்ப்பால் தாராளமாக விட்டு, வெந்தயம் பொரித்துக் குழம்பு வைத்தேன். நாலு தரம் ருசி பார்த்தேன். கடைசியாக ஒரு கிள்ளு உப்புக் கூடிவிட்டதோ என்று பயந்து இன்னும் கொஞ்சம் பால்கூட விட்டேன். தம்பி சாப்பிட மாட்டேன் என்கிற கறி எப்படி இருக்கும் என்று அக்காவும் பார்க்கட்டும் என்று கிண்ணத்தை வழிய வழிய நிரப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலை எனக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் வெயில் என்று நினைத்தேன். ருசி பார்க்க வயலுக்குப் போகவில்லை. இனிப் போய்த்தான் என்ன என்றும் இருந்தது. கணவர் வழமைபோல் அக்காவிடம் போய்விட்டார். சற்றுப் படுத்துக் கிடந்துவிட்டு, வெயில் ஏற முன்னர் கருகிய புல்லையாவது அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்று அரிவாளோடு கீழ்வயலுக்குப் போனேன். அறுக்கிறபோது இது கடைசி அறுப்பு என்று மனசு சொன்னது. மாடுகளை யார் வாங்குவார்கள், ஊருக்குக் கட்டுகிற மூட்டையில் எதை வைப்பது என்றெல்லாம் யோசனை ஓடியது. மேலே வரம்பில் அவர்கள் இரண்டு பேரும் நின்று கதைப்பது தெரிந்தது. அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். இவர் தலையைக் குனிந்து கேட்கிறார். பிறகு இவர் சிரிக்கிறார். என் வயல் எரிகிறது, அங்கே அக்காவும் தம்பியும் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கண் இருண்டது.

கொஞ்ச நேரத்தில் என் காலடியில் வாய்க்கால் சலசலத்தது. பார்த்தால் தண்ணீர். கயிறாக அல்ல, வாய்க்கால் நிறைய. செத்தையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு என் வயலுக்குள் இறங்கியது. யார் முறையை மீறினது, யார் பலகையில் கை வைத்தது என்று நிமிர்ந்தேன். என் கணவர் வரம்பில் ஓடி வந்துகொண்டிருந்தார். சேறு பூசிய கால், மடித்துக் கட்டிய சாரம், முகம் முழுக்கப் பல். கலியாணத்தன்றுகூட அந்த மனுஷனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை.

“அக்கா எல்லாப் பலகையையும் கழட்டிப் போட்டா” என்றார், மூச்சு வாங்க. “உம்மட நாக்கை இனி நம்பேலாதாம். நேற்று நீர் அனுப்பின குழம்பில ஒரு துளி உப்பில்லையாம். தனக்கும் மூத்தவள் வயித்தில வரேக்க தண்ணிகூட உப்பாத்தான் இருந்ததாம். நீர் பிள்ளைத்தாச்சியாம்.”

கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டேன். எத்தனையோ முறை எண்ணி ஏமாந்து, நாள் பார்ப்பதையே நான் விட்டிருந்தேன். அன்றைக்கு நின்ற நிலையில் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வயிற்றில் கை வைத்தேன். சந்தோஷம் வந்தது, வராமல் என்ன. மாடு விற்க வேண்டாம், ஊருக்குப் போக வேண்டாம், என் அடுப்பு என்னுடையதுதான். வேண்டிக் கேட்ட எல்லாம் ஒரே காலையில் கிடைத்துவிட்டது.

ஆனால் வருஷக்கணக்காக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வசனம் இருந்தது. அவர் சாப்பிட்டு முடிந்ததும், விளக்கடியில், மெதுவாக அவரிடம் எப்படிச் சொல்லுவேன் என்று. சொல்லும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்றுகூடக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அந்த முகத்தைத்தான் மேல்வயல் வரம்பில் நின்று அவள் பார்த்துவிட்டாள். எனக்கு வந்தது அதன் மிச்சம். நல்ல தண்ணீர்போல, அதுவும் முதலில் அவளிடம் போய்விட்டுத்தான் என்னிடம் இறங்கியது.

“முதல்ல எனக்கு வந்து சொல்லியிருக்கலாமே” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நீர்தானே பிள்ளைத்தாச்சி, உமக்கு யார் சொல்ல வேணும் என்று சிரித்துவிட்டு, அரிவாளை எடுத்து என் பங்கையும் சேர்த்து அறுக்கத் தொடங்கினார். மேலே வரம்பில் மச்சாள் இடுப்பில் கைவைத்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று தூரத்தில் தெரியவில்லை.

நான் குனிந்து, என் வயலுக்குள் ஓடி வருகிற அவளுடைய தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். நல்ல தண்ணீர் என்று ஊரே சொன்னது. எனக்கு அது அப்போதும் உப்பாகத்தான் இருந்தது.